நெல் மூட்டையிலிருந்து இஜ்திஹாத்: டெல்டா ஊர்களில் வாசிப்பு வட்டம் நடத்தும் முறை

இஸ்லாமியச் சீர்திருத்தச் சிந்தனையைப் படிக்கலாம் என்று கூடும் வட்டம் பெரும்பாலும் ஆட்களின் பெயரோடு தொடங்கும். அப்துஹு, இக்பால், மவ்தூதி என்று ஆளுக்கொரு நவீனச் சிந்தனையாளரின் பெயரை எடுத்து வைப்பார்கள். இரண்டாவது வாரம் அந்தப் பெயர்கள் கட்சிகளாகிவிடும். மூன்றாவது வாரம் பாய் விரித்தவர் மட்டும்தான் உட்கார்ந்திருப்பார். ஆகவே இங்கே சொல்லும் முறையில் பெயர்கள் கடைசியில் வரும். முதலில் ஒரு கேள்வியை எடுக்கவேண்டும். அதற்குப் பழைய தீர்ப்பு என்ன, அது எந்தக் காரணத்தின்மேல் நின்றது, அந்தக் காரணம் இன்றும் அப்படியே இருக்கிறதா என்று கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். காவிரிப் பாசனத்தில் இருப்பவர்களுக்கு இதற்கு நெல்லைவிடத் தோதான பொருள் இல்லை.

நான்கு சொற்களை மட்டும் முன்கூட்டியே தெளிவாக்கிக்கொண்டால் போதும். தஜ்தீத் என்றால் புதுப்பித்தல். நம் பக்கத்து மொழியில் ஆற்றைத் தூர் வாருவது. இஸ்லாஹ் என்றால் சீர்செய்தல். மதகு, கரை, வாய்க்கால் என்று பழுதான இடத்தில் கை வைப்பது. தக்லீத் என்பது தகுதியுள்ள ஒருவரின் தீர்ப்பை, அதன் ஆதாரத்தைத் தோண்டாமல் ஏற்று நடப்பது. இஜ்திஹாத் என்பது மூல ஆதாரங்களிலிருந்து தீர்ப்பை எடுக்க ஒரு அறிஞர் தன் முழு முயற்சியையும் செலவிடுவது. தூர் வாருகிறோம் என்று சொல்லிக்கொண்டு ஆற்றின் போக்கையே மாற்றுபவர்களும் உண்டு, மண்ணை அள்ளவே கூடாது என்று கரையில் நிற்பவர்களும் உண்டு. இருவருமே தங்கள் வேலைக்கு இஸ்லாஹ் என்றுதான் பெயர் வைப்பார்கள். அதனால் சொல்லை நம்பாமல் வேலையைப் பாருங்கள்.

ஆள், இடம், நேரம்

எட்டுப் பேரிலிருந்து பன்னிரண்டு பேர் வரை சரி. பதினைந்தைத் தாண்டினால் அது பயான் ஆகிவிடும்; ஒருவர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். சேர்ப்பவர்களில் மூன்று பேர் கட்டாயம்: அரபு மூலத்தைப் படித்துப் பொருள் சொல்லத் தெரிந்த ஒரு ஹஜ்ரத் (வேலூர் பாக்கியாத் மதரஸாவில் ஓதிய பாகவியோ, லால்பேட்டையில் ஓதிய மன்பயீயோ, யாராயிருந்தாலும்), சொந்தமாகச் சாகுபடி செய்யும் ஒருவர், கணக்கு எழுதத் தெரிந்த ஒருவர். ஹஜ்ரத் இல்லாமல் தொடங்கினால் மொழிபெயர்ப்பைப் பிடித்துக்கொண்டு சண்டை வரும். விவசாயி இல்லாமல் தொடங்கினால் பம்புசெட்டும் வாய்க்காலும் ஒன்றுதானே என்று யாராவது சொல்வார், மறுக்க ஆள் இருக்காது.

உள்நாட்டு ஊர்களான கூத்தாநல்லூர், பொதக்குடி, ராஜகிரி போன்றவற்றில் ஹனஃபீ மத்ஹபினர் (மத்ஹப் என்றால் சட்டப் பள்ளி) அதிகம். நாகூர், காரைக்கால், அதிராம்பட்டினம் என்று கடலோரம் போனால் ஷாஃபிஈகள். இரண்டு தரப்பிலிருந்தும் ஆள் இருந்தால் வட்டத்துக்கு அது கொடை. ஆனால் கூடும் நேரத்தை ‘அஸருக்குப் பிறகு’ என்று அறிவிக்காதீர்கள். பொருளின் நிழல் ஒரு மடங்கானதும் ஷாஃபிஈக்கு அஸர் என்னும் பிற்பகல் தொழுகை நேரம் வந்துவிடும். ஹனஃபீ இரண்டு மடங்குக்குக் காத்திருப்பார். ஒரு பாதி வந்து உட்கார்ந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்துத்தான் மறு பாதி வரும். மஃக்ரிப் (அந்தித் தொழுகை) முடிந்து இஷா (இரவுத் தொழுகை) வரை என்று வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் கிடைக்கும், பாங்கு சொன்னதும் தானாக முடியும். பேச்சை நிறுத்தத் தலைவர் தேவையில்லை.

பருவத்தையும் பார்க்கவேண்டும். நடவு, அறுப்பு நாட்களில் சாகுபடிக்காரர் வரமாட்டார். தாளடி அறுவடை முடிந்ததிலிருந்து ஜூன் 12ஐ ஒட்டி மேட்டூர் திறக்கும்வரை உள்ள மாதங்கள் ஓய்வானவை. ரமலான் எந்தப் பருவத்தில் விழுந்தாலும் அந்த மாதம் விடுமுறை. நாகூர்ப் பக்கம் என்றால் ஜமாதுல் ஆகிர் மாதத்துக் கந்தூரி (தர்கா விழா) நாட்களையும் விட்டுவிடுங்கள்.

இடத்துக்கு ஒரு வீட்டின் கூடமோ நூலக அறையோ போதும். பள்ளிவாசலில் நடத்த முத்தவல்லியின் (நிர்வாகியின்) அனுமதி வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், அங்கே வாய் திறந்து ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்லப் பலருக்குக் கூச்சம். ஆனாலும் முதல் வாரத்துக்கு முன்பே ஜமாஅத்தில் என்ன படிக்கிறோம் என்று சொல்லிவிடுவது நல்லது. ஒளித்துச் செய்வதாகத் தோன்றினால் மூன்றாம் நாள் ஊரில் வேறு கதை உலவும்.

மொத்தம் ஏழு அமர்வு. முதலாவது ஒரு சிறிய வழக்கு, அடுத்த மூன்றும் நெல், ஐந்தாவது காணாமல்போன கணவன், கடைசி இரண்டு சிந்தனையாளர்கள்.

நோட்டில் ஐந்து கட்டம்

ஆளுக்கொரு நீள நோட்டு. ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு பக்கத்தை விரித்து ஐந்து கட்டம் போடவும். முதல் கட்டத்தில் மூலம்: குர்ஆன் வசனம் அல்லது ஹதீஸ் (நபிமொழி). இரண்டாவதில் பழைய தீர்ப்பு. யார் சொன்னது, எந்த மத்ஹப் என்பதோடு. மூன்றாவதில் இல்லத், அதாவது அந்தத் தீர்ப்பு தொங்கும் காரணம். நான்காவதில் இன்று மாறியிருக்கும் நடைமுறை. ஐந்தாவதில், தீர்ப்பை மாற்றினால் யாருக்கு லாபம், யாருக்கு இழப்பு.

பிழை பெரும்பாலும் மூன்றாவது கட்டத்தில் நேரும். ஹிக்மத் என்னும் பொதுவான நோக்கத்தை இல்லத் என்று எழுதிவிடுவார்கள். பயணத்தில் தொழுகையைச் சுருக்குவதன் நோக்கம் சிரமத்தைக் குறைப்பது. ஆனால் சட்டம் தொங்குவது பயணத்தின்மேல், சிரமத்தின்மேல் அல்ல. அதனால்தான் குளிர்சாதன ரயிலில் போகிறவரும் சுருக்கித் தொழுகிறார், வெயிலில் களை எடுப்பவர் முழுதாகத் தொழுகிறார். இந்த ஒரு எடுத்துக்காட்டைப் பலகையில் எழுதி வைத்துவிட்டால் பின்னால் பாதிச் சண்டை குறையும். ‘காரணம் மாறிவிட்டது, சட்டமும் மாறும்’ என்று யாராவது சொல்லும்போதெல்லாம் அவர் காரணத்தைச் சொல்கிறாரா, நோக்கத்தைச் சொல்கிறாரா என்று கேட்கவேண்டும். நவீன சீர்திருத்தவாதிகளுக்கும் மரபுவாதிகளுக்கும் உள்ள பிணக்கில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் இருக்கிறது. நோக்கத்துக்கும் சட்டத்தை அசைக்கும் வலு உண்டு என்பது ஒரு தரப்பு. அதற்கு எல்லை இல்லையென்றால் எதுவும் மிஞ்சாது என்பது மற்றது.

முதல் அமர்வு: மூன்று கேள்விகள்

1903ல் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலிலிருந்து எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மது அப்துஹுவுக்கு (1849–1905) மூன்று கேள்விகள் போயின. ஐரோப்பியத் தொப்பி அணியலாமா? அங்குள்ள கிறிஸ்தவர்கள் தங்கள் முறையில் அறுத்த இறைச்சியை உண்ணலாமா? ஹனஃபீ இமாமின் பின்னால் ஷாஃபிஈ தொழலாமா? மூன்றுக்கும் அவர் ஆகும் என்று பதில் சொன்னார். எகிப்தில் பெரிய கூச்சல் எழுந்தது.

மூன்றாவது கேள்வி நம் ஊர்க் கேள்வி. பெருநாள் தொழுகையில் ஷாஃபிஈ முதல் ரக்அத்தில் ஏழும் இரண்டாவதில் ஐந்துமாகக் கூடுதல் தக்பீர் (‘அல்லாஹு அக்பர்’) சொல்வார்; ஹனஃபீ மூன்றும் மூன்றும். பெண் கொடுத்து எடுத்த ஊர்களில் மாப்பிள்ளை ஒரு மத்ஹப், மாமனார் ஒரு மத்ஹப் என்று இருப்பதால் எல்லோருக்கும் இதில் சொல்ல ஏதாவது இருக்கும். ஐந்து கட்டத்தையும் இதில் நிரப்பிப் பழகுங்கள். நாற்பது நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். இறைச்சிக் கேள்வியைத் தொட்டால் அன்றைய இரவு அதிலேயே போய்விடும் என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

நெல்: மூன்று அமர்வு

மூலத்தை முதலில் எழுதுங்கள். குர்ஆன் 6:141, அறுவடை நாளில் அதன் உரிமையைக் கொடுத்துவிடச் சொல்கிறது. புகாரீ தொகுப்பில் உள்ள ஹதீஸ், மழையும் ஊற்றும் பாய்ந்த விளைச்சலில் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சியதில் இருபதில் ஒன்று என்கிறது. ஐந்து வஸக்குக்குக் குறைந்ததில் ஜகாத் என்னும் கட்டாயக் கொடை இல்லை என்பது இன்னொரு ஹதீஸ். ஒரு வஸக் 60 ஸாவு; ஐந்து வஸக் 300 ஸாவு.

முதல் முரண்பாடு இங்கேயே கிடைக்கிறது. இமாம் அபூஹனீஃபா குறைந்தபட்ச அளவே இல்லை என்றார். நிலம் எவ்வளவு தந்தாலும் அதில் பங்கு உண்டு. அவருடைய இரு மாணவர்கள், அபூயூசுஃபும் முஹம்மது அஷ்ஷைபானீயும், ஐந்து வஸக் வேண்டும் என்றார்கள். ஷாஃபிஈயும் அப்படியே. ஆசிரியரை மாணவர் மறுத்தும் மத்ஹப் உடையவில்லை என்பதை ஹஜ்ரத் வாயாலேயே சொல்ல வையுங்கள். மத்ஹப் என்றால் ஒரே குரல் என்று நினைத்து வந்தவர்களுக்கு அது நல்ல தொடக்கம்.

அடுத்தது ஸாவு எவ்வளவு என்பது. அது எடை அல்ல, கொள்ளளவு. நம் மரக்கால், படி மாதிரி. ஈராக்கின் ஸாவு எட்டு ராத்தல், மதீனாவின் ஸாவு ஐந்தே கால் ராத்தலுக்குச் சற்று மேல் (5⅓). அபூயூசுஃப் மதீனா போனபோது அங்குள்ளவர்கள் தங்கள் பாட்டன் காலத்து அளவைகளை வீட்டிலிருந்து கொண்டுவந்து காட்டினார்கள். அளந்து பார்த்த அவர் தன் ஆசிரியரின் கணக்கை விட்டுவிட்டார் என்று நூல்களில் வருகிறது. இஜ்திஹாத் என்னவென்று விளக்க இதைவிடச் சுருக்கமான பாடம் இல்லை.

இதைச் செய்தும் பாருங்கள். யூசுஃப் அல்கர்ளாவி (1926–2022) ஜகாத் பற்றிய தன் நூலில் ஸாவை 2.75 லிட்டர், கோதுமையில் 2.176 கிலோ என்று கணக்கிடுகிறார். 300 ஸாவு சுமார் 653 கிலோ. லிட்டர் அளவையால் 2.75 லிட்டர் அரிசியை அளந்து தராசில் வையுங்கள். சன்ன ரகம், குண்டு ரகம், பச்சை, புழுங்கல் என்று ஒவ்வொன்றுக்கும் எடை மாறும். ‘653 கிலோ’ என்பது வஹீயில் (இறைச்செய்தியில்) வந்த எண் அல்ல, அளந்து எடுத்த எண் என்பது அப்போது தானாகப் புரியும். கீழே உள்ள கணக்குக்கு வசதிக்காக 653ஐயே வைத்துக்கொள்கிறோம்.

இனி உமி. நெல்லை நாம் உமியோடுதான் அளக்கிறோம். இமாம் நவவீ (1233–1277) தன் மின்ஹாஜ் என்னும் ஷாஃபிஈ சட்ட நூலில், அரிசி போல உமியோடு சேமிக்கப்படுவதற்கு நிஸாப் (ஜகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவு) பத்து வஸக் என்கிறார்; பாதி உமி என்ற மதிப்பீடு. பத்து வஸக் என்றால் 1,306 கிலோ நெல். ஆனால் இன்று அரசு அரைவைக்குக் கொடுக்கும் நெல்லில் பச்சரிசிக்கு 67, புழுங்கலுக்கு 68 சதவீத அரிசி திரும்ப வரவேண்டும் என்பது விதி. 68 வைத்துக் கணக்குப் போட்டால் 653 கிலோ அரிசிக்கு 960 கிலோ நெல் போதும்.

இரண்டு மா (மூன்று மா ஓர் ஏக்கர்) நிலக்காரரை எடுங்கள். மாவுக்குப் பத்து மூட்டை, மூட்டை 60 கிலோ என்று கொண்டால் 1,200 கிலோ. நவவீயின் மதிப்பீட்டில் அவர் நிஸாபை எட்டவில்லை. ஆலைக் கணக்கில் எட்டிவிட்டார். எந்த ஹதீஸும் மாறவில்லை, எந்த இமாமும் மறுக்கப்படவில்லை. உமி எவ்வளவு என்ற தகவல் மட்டும் துல்லியமானது. சீர்திருத்தம் எப்போதும் சுமையைக் குறைக்கும் என்று நினைப்பவர்களுக்கு இந்த வரி முக்கியம். இங்கே அது ஒரு சிறு விவசாயியின் மேல் சுமையை ஏற்றுகிறது. ஐந்தாவது கட்டத்தில் அதை எழுதுங்கள். எடை எடுக்கும்போது கருக்காய் நீக்கிக் காய்ந்த நெல்லைத்தான் எடுக்கவேண்டும். இயந்திரம் அறுத்துக் கொட்டிய ஈர நெல்லின் எடையை எழுதினால் கணக்கு ஏறிவிடும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு நிற்கிறார்களே, அந்தச் சீட்டில் உள்ள எடை பரவாயில்லை.

ஒரே மா வைத்திருப்பவர் குறுவையில் 600 கிலோ, தாளடியில் 600 கிலோ எடுத்தால்? ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு அறுவடையும் ஒரே ஆண்டுக்குள் விழுந்தால் சேர்த்து எண்ணவேண்டும். ஐப்பசிக்கும் மாசிக்கும் இடையில் ஆண்டு ஓடிவிடாது. அவரும் 1,200 கிலோவுக்கு வந்துவிடுகிறார்.

தண்ணீர்தான் மூன்றாவது அமர்வின் முழு வேலை. மழைக்குப் பத்தில் ஒன்று, இறைப்புக்கு இருபதில் ஒன்று. இதன் இல்லத் சாகுபடிக்காரர் தண்ணீருக்குப் படும் செலவும் சுமையும். வாய்க்கால் தண்ணீர் எதில் சேரும்? வெட்டவும் பராமரிக்கவும் செலவு உண்டே என்று கேட்கலாம். மின்ஹாஜின் விடை: கால்வாய் மழை போலத்தான். அந்தச் செலவு நிலத்தை வாழவைக்க, பயிருக்காக அல்ல. ஆகவே கல்லணையிலிருந்து வெண்ணாறு, காவிரி, அரசலாறு வழியாக மடையில் தானாகப் பாயும் தண்ணீருக்கு முழுப் பத்தில் ஒன்று. ஆழ்குழாய்க் கிணறு? ஏற்றத்துக்கும் மாடு கட்டி இறைக்கும் கவலைக்கும் பதிலாக மோட்டார். அதனால் இருபதில் ஒன்று என்று சொல்லிவிடலாம். ஆனால் தமிழ்நாட்டில் விவசாயப் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். இலவச மின்சாரத்தில் ஓடும் மோட்டாரும் டீசல் எஞ்சினும் ஒரே சுமையா? போர் (ஆழ்குழாய்) போட்ட செலவு கால்வாய் வெட்டிய செலவு போலவா, இறைப்புச் செலவு போலவா? காயில் எரிந்தால் ஆகும் செலவை எதில் சேர்ப்பது? நேரடி விடை எழுதிய பழைய நூல் இராது. கியாஸ் (ஒப்பிட்டுத் தீர்ப்பு எடுப்பது) செய்யவேண்டிய இடம் இது, எதனோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதில்தான் விடை இருக்கிறது. வட்டத்தை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு ஒப்பீட்டை வாதிடச் சொல்லுங்கள். பாதி நேரத்தில் பக்கம் மாற்றுங்கள்.

கலப்புப் பாசனம்தான் நம் வழக்கம். நாற்றங்காலும் நடவும் போர் தண்ணீரில், பின்பு வாய்க்கால். மூன்று ஏக்கர், 110 நாள் வயதுள்ள ஆடுதுறை 43, ஏக்கருக்கு 30 மூட்டை, மொத்தம் 5,400 கிலோ என்று வைப்போம். 44 நாள் போர், 66 நாள் வாய்க்கால். ஷாஃபிஈ மத்ஹபின் ஏற்ற கருத்தில் பயிர் உயிர்த்து வளர்ந்த காலத்தை வைத்துப் பிரிக்கவேண்டும்: நாற்பது சதவீதத்துக்கு ஐந்து, அறுபது சதவீதத்துக்குப் பத்து. கூட்டினால் 8 சதவீதம், 432 கிலோ. அதே மத்ஹபில் இன்னொரு கருத்து பாய்ச்சிய தடவையை எண்ணச் சொல்கிறது; 18 தடவை போர், 12 தடவை வாய்க்கால் என்றால் 7 சதவீதம், 378 கிலோ. ஹனஃபீ மத்ஹபில் எது அதிகமோ அதன்படி. வாய்க்கால் காலம் அதிகம் என்று கொண்டால் 10 சதவீதம், 540 கிலோ. ஒரே வயல், மூன்று விடை, மூன்றும் மரபுக்குள்ளேயே. பாய்ச்சிய நாட்களைக் குறித்து வைக்காவிட்டால் எந்தக் கணக்கும் போடமுடியாது. அறுத்த பிறகு நினைவிலிருந்து சொல்லும் எண் எப்போதும் போர் பக்கமே சாயும்.

நான்காவது அமர்வுக்குச் செலவும் குத்தகையும். ஹனஃபீ, ஷாஃபிஈ நூல்கள் உழவு, கூலி, அறுப்புச் செலவைக் கழிக்கவிடவில்லை. மொத்த விளைச்சலில் பங்கு. ஆனால் சஹாபாக்களில் (நபித்தோழர்களில்) இப்னு அப்பாஸ் பயிருக்காக வாங்கிய கடனையும், இப்னு உமர் அதோடு குடும்பத்துக்கு வாங்கியதையும் கழிக்கலாம் என்றதாக வருகிறது. கர்ளாவி இந்தச் சரட்டைப் பிடித்து, விதை, உரம், கூலியைக் கழித்து மிச்சத்தில் கொடுக்கலாம் என்றார். பாசனச் செலவை மட்டும் கழிக்கக்கூடாது, ஏனென்றால் அதற்காகத்தான் விகிதமே பாதியாகிவிட்டது. மேலே சொன்ன 90 மூட்டையில் செலவு 50 மூட்டைக்குச் சமம் என்றால் மிச்சம் 40 மூட்டை, 2,400 கிலோ. 8 சதவீதம் 192 கிலோ. முன்பு 432. கையால் நட்டு அறுத்த காலத்தில் செலவு கூலியாக ஊருக்குள்ளேயே, அதுவும் பெரும்பாலும் நெல்லாகவே ஏழையிடம் போனது. இன்று அதில் பெரும்பகுதி இயந்திர வாடகைக்கும் உரக்கடைக்கும் போகிறது. கழிப்பதை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் இந்த மாற்றத்தைத் தங்களுக்குச் சாதகமாகவே எடுத்துச் சொல்லமுடியும், இரண்டையும் கேளுங்கள்.

குத்தகையில் அபூஹனீஃபாவின் கருத்துப்படி உஷ்ர் (விளைச்சலுக்கான ஜகாத்) நிலத்துக்காரர்மேல். மற்ற பெரும்பான்மையினர் கருத்தில் விளைவித்தவர்மேல். கர்ளாவி, குத்தகை போக மிச்சத்துக்குச் சாகுபடிக்காரரும், வாங்கிய குத்தகைக்கு நிலத்துக்காரரும் கொடுக்கவேண்டும் என்று பிரித்தார். நிலம் கோவிலுடையதோ மடத்துடையதோ என்றால்? டெல்டாவில் அதுதான் சாதாரணம். அபூஹனீஃபாவின் கருத்தை அங்கே எப்படிப் பொருத்துவது என்று ஹஜ்ரத்திடம் கேட்டு அடுத்த வாரத்துக்கு வரச்சொல்லுங்கள். உடனே பதில் சொல்ல வற்புறுத்தாதீர்கள்.

பணமாகக் கொடுப்பது பற்றி ஒரு வரி. ஷாஃபிஈ நூல்படி தானியமாகவே கொடுக்கவேண்டும். ஹனஃபீ மதிப்பைப் பணமாக ஏற்கிறது. களத்திலிருந்து நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போகும் நெல்லுக்குக் கடலோர ஷாஃபிஈயும் ஹனஃபீ கருத்தை எடுத்துக்கொள்வது நடக்கிறது. அதில் தவறு காண வேண்டியதில்லை. ஆனால் பத்து வஸக் நிஸாப் ஒரு மத்ஹபிலிருந்து, பணம் இன்னொன்றிலிருந்து, செலவுக் கழிவு கர்ளாவியிடமிருந்து, பாதி விகிதம் பம்புசெட்டிலிருந்து என்று சலுகைகளை மட்டும் பொறுக்கிக் கட்டினால் ஏழைக்கு ஒரு படிகூட மிஞ்சாது. நூல்கள் எச்சரிக்கும் தல்ஃபீக் இதுதான். ஒருமுறை இந்தக் கணக்கை வேண்டுமென்றே போட்டுக் காட்டுங்கள்.

சபராளியின் மனைவி

ஐந்தாவது அமர்வில் பெண்கள் கட்டாயம் இருக்கவேண்டும். நிஸ்வான் (பெண்கள்) மதரஸாவில் ஓதிய ஆலிமா ஒருவர் மூலத்தை வாசிப்பது நல்லது. இடத்தையும் அதற்கேற்ப ஒரு வீட்டின் உள்கூடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பர்மா, மலாயா, பின்பு வளைகுடா என்று மூன்று தலைமுறையாகச் சபர் (வெளிநாட்டுப் பிழைப்பு) போன ஊர்கள் இவை. போனவரிடமிருந்து தகவலே இல்லையென்றால் மனைவியின் நிலை என்ன? ஹனஃபீ நூலில், அவன் வயதொத்தவர்கள் இறக்கும்வரை காத்திருக்கவேண்டும். அவனுக்குத் தொண்ணூறு வயதாகும்வரை என்று எண் வைத்தவர்களும் உண்டு. இமாம் ஷாஃபிஈயின் பழைய கருத்தில் நான்கு ஆண்டு. புதிய கருத்தில் மரணம் உறுதியாகும்வரை. மாலிக்கீ மத்ஹபில் நான்கு ஆண்டு, பிறகு நான்கு மாதம் பத்து நாள் இத்தா (மறுமணத்துக்கு முன் காத்திருக்கும் காலம்).

பிரிட்டிஷ் இந்தியாவில் மணவிடுதலை கிடைக்காத ஹனஃபீப் பெண்கள் சிலர், மதம் மாறினால் நிக்காஹ் முறியும் என்ற விதியைப் பிடித்து வெளியேறினார்கள். தேவ்பந்தின் பெரிய அறிஞர் அஷ்ரஃப் அலீ தானவி (1863–1943) இதைக் கண்டு, ஹிஜாஸில் இருந்த மாலிக்கீ முஃப்திகளுக்கு எழுதிக் கேட்டு, 1930களின் தொடக்கத்தில் மாலிக்கீ தீர்ப்பை ஹனஃபீகளுக்குத் திறந்துவிட்டார். இஜ்திஹாத் என்ற சொல்லை அவர் தூக்கிப் பிடிக்கவில்லை. தக்லீத் செய்யும் மத்ஹபை மட்டும் இந்த ஒரு விஷயத்தில் மாற்றினார். 1939ன் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் இதன் தொடர்ச்சி. நான்கு ஆண்டு இருப்பிடம் தெரியவில்லை, இரண்டு ஆண்டு பராமரிக்கவில்லை என்பவை அதில் உள்ள காரணங்களில் இரண்டு. இருப்பிடம் தெரியாத காரணத்தில் தீர்ப்பு வந்தாலும் ஆறு மாதம் கழித்தே செல்லும். அதற்குள் கணவன் வந்து மனைவியோடு வாழத் தயார் என்று நீதிமன்றத்தை நம்பவைத்தால் தீர்ப்பு ரத்தாகும். மனுவில் கணவனின் வாரிசுகளைக் குறிப்பிட்டு அவர்களுக்கு அறிவிப்பு அனுப்பவேண்டும். உலமாக்கள் கேட்ட முஸ்லிம் நீதிபதி என்ற நிபந்தனை சட்டத்தில் இடம்பெறவில்லை. தானவி தரப்புக்கு அதில் மனக்குறை. மதம் மாறுவதால் மட்டும் நிக்காஹ் முறியாது என்பதும் அதே சட்டத்தில் வந்தது.

நோட்டின் நான்காவது கட்டத்துக்கு இங்கே தீனி அதிகம். கப்பலில் கடிதம் போன காலத்து நான்கு ஆண்டும், தூதரகமும் கைப்பேசியும் உள்ள காலத்து நான்கு ஆண்டும் ஒன்றா? குடும்பத்தில் நடந்ததை யாரும் பெயர் சொல்லிப் பேசக்கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிறிய ஊர், பெயர் சொல்லாவிட்டாலும் தெரு சொன்னாலே தெரிந்துவிடும்.

இப்போது பெயர்கள்

ஆறாவது அமர்வுக்கு வரும்போது சிந்தனையாளர்களை வகைபிரிக்கக் கையில் அளவுகோல் இருக்கும். 1703ல் பிறந்த இருவர்: டில்லியின் ஷாஹ் வலியுல்லாஹ், அரேபியாவில் நஜ்தின் முஹம்மது இப்னு அப்துல் வஹ்ஹாப். இருவரும் ஹதீஸுக்குத் திரும்பச் சொன்னவர்கள், ஆனால் முன்னவர் மத்ஹபுகளைச் சமரசப்படுத்தப் பார்த்தார், பின்னவர் வழிபாட்டைத் தூய்மைப்படுத்துவதில் நின்றார். சர் சையித் அஹ்மத் கான் அலிகாரில் 1875ல் கல்லூரி தொடங்கினார். ரஷீத் ரிளா 1898ல் கெய்ரோவில் அல்மனார் இதழைத் தொடங்கி அப்துஹுவின் கருத்துகளைப் பரப்பினார். இவ்வளவு போதும், வாழ்க்கை வரலாறுகளில் நேரம் கழிக்க வேண்டாம்.

இக்பாலுக்கு ஒரு முழு மாலை கொடுக்கலாம். 1929 ஜனவரியில் அவர் சென்னைக்கு வந்து ஆங்கிலத்தில் மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார். பின்பு ஆறாகி 1930ல் நூலானது. இஜ்திஹாத் பற்றியது ஆறாவது, அது சென்னையில் பேசியதல்ல. அதில் இஜ்திஹாதை மூன்று படியாக்குகிறார்: சட்டமியற்றலில் முழு அதிகாரம், ஒரு மத்ஹபின் எல்லைக்குள் அதிகாரம், மத்ஹபின் நிறுவனர் தீர்க்காமல் விட்ட ஒரு தனி வழக்கில் அதிகாரம். முதல் படியைத்தான் அவர் பேச எடுத்துக்கொள்கிறார். இஜ்மா என்னும் அறிஞர்களின் ஒருமித்த முடிவைத் தேர்ந்தெடுக்கப்பட்ட முஸ்லிம் சட்டமன்றத்துக்கு மாற்றலாம் என்கிறார். மணவிடுதலைக்காக மதம் மாறிய பஞ்சாப் பெண்களையும் அங்கே குறிப்பிட்டு, கிரனாடாவின் ஷாத்திபீ (இறப்பு 1388) சொன்ன தீன், உயிர், அறிவு, சந்ததி, பொருள் என்ற ஐந்து பாதுகாப்பை எடுத்து வைக்கிறார். ஐந்தாவது அமர்வை முடித்தவர்களுக்கு அந்தப் பத்தி உடனே பிடிபடும். ஒரே வேதனைக்கு இக்பால் தேடிய வழி எது, தானவி தேடிய வழி எது என்று அருகருகே எழுதுங்கள். எங்கள் கணிப்பில், நடைமுறையில் கதவைத் திறந்தது இரண்டாமவரின் வழிதான். ஆனால் ‘முஸ்லிம் சட்டமன்றம் இல்லாத நாட்டில் முதல் வழி என்ன ஆகும்’ என்ற கேள்வியை விட்டுவிடவும் முடியாது.

கடைசி அமர்வுக்குப் பாகிஸ்தானியச் சிந்தனையாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் (1919–1988). 1982ல் வந்த நூலில் அவர் சொன்னது இரட்டை நகர்வு: இன்றைய சிக்கலிலிருந்து வஹீ இறங்கிய காலச் சூழலுக்குப் போய்ப் பொது நெறியை எடு, அந்த நெறியோடு இன்றைக்குத் திரும்பி வா. அதை இலவச மின்சாரக் கேள்வியில் ஓட்டிப் பாருங்கள். போகும் நடை எளிது, திரும்பும் நடையில்தான் ஆளுக்கொரு விடை வரும். அவர் முறையின் பலமும் பலவீனமும் அங்கேயே தெரியும்.

நம் பக்கத்து ஆட்களையும் விடவேண்டாம். நாச்சியார்கோவில் என்றால் குத்துவிளக்கு மட்டும்தான் நினைவுக்கு வருகிறது; தாருல் இஸ்லாம் இதழ் நடத்தி, குர்ஆனின் பொருளைத் தமிழில் கொண்டுவர உழைத்த பா. தாவூத் ஷா (1885–1969) அந்த ஊர்க்காரர். நாகூரின் சித்தி ஜுனைதா பேகம் 1938லேயே நாவல் எழுதிய பெண். இருவரையும் இக்பாலுக்குப் பக்கத்தில் வைத்துப் படிப்பதில் மிகை எதுவும் இல்லை.

தடம் புரளும் இடங்கள்

பத்தாவது நிமிடத்தில் பேச்சு தர்கா, மவ்லிது, பிறை என்று திரும்பும். தமிழ்நாட்டில் சீர்திருத்தம் என்ற சொல்லுக்கு முப்பது நாற்பது ஆண்டாக அந்தப் பொருள்தான் ஏறியிருக்கிறது. தடை போட்டால் வீம்பு வளரும். ‘அதற்கும் ஐந்து கட்டம் போட்டு வாருங்கள், எட்டாவது அமர்வு உங்களுடையது’ என்று சொல்லுங்கள். போட்டு வருபவர் குறைவு.

நூறாண்டுக்கு ஒருமுறை தீனைப் புதுப்பிப்பவரை அல்லாஹ் அனுப்புவான் என்று அபூதாவூத் தொகுப்பில் உள்ள ஹதீஸை வைத்து, இந்த நூற்றாண்டின் முஜத்தித் யார் என்ற பட்டியல் போடும் ஆசை வரும். அரபு மூலத்தில் உள்ள ‘மன்’ ஒருவரையும் குறிக்கும், பலரையும் குறிக்கும் என்று பழைய அறிஞர்களே விளக்கியிருக்கிறார்கள். ஹஜ்ரத் அதைச் சொன்னால் பட்டியல் நின்றுவிடும்.

‘இஜ்திஹாத் கதவு அடைபட்டுவிட்டது’ என்பதை ஆதரித்தோ எதிர்த்தோ யாராவது முழங்கும்போது, நெல் பக்கத்தைத் திருப்பிக் காட்டுங்கள். வரலாற்றாய்வாளர் வாயில் ஹல்லாக் 1984ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, அந்தக் கதவு நூல்களில் சொல்வதுபோல் அடைபட்டதே இல்லை என்ற வாதம் வலுவாகிவிட்டது.

வாட்ஸ்அப்பில் வரும் ஃபத்வாவை நான்கு தகவல் இல்லாமல் வாசிக்க அனுமதிக்காதீர்கள்: சொன்னவர், ஆண்டு, மத்ஹப், கேட்கப்பட்ட கேள்வி. கேள்வி தெரியாத பதில் பாதிப் பதில்கூட இல்லை.

இன்னொன்று, வட்டம் ஃபத்வா கொடுக்கும் இடமல்ல. ‘அப்போ நான் எத்தனை மூட்டை கொடுக்கணும்?’ என்று சாகுபடிக்காரர் கேட்டால், நோட்டை எடுத்துக்கொண்டு அவரை ஹஜ்ரத்திடம் தனியாக அனுப்புங்கள். அங்கே அவர் கொண்டுபோக வேண்டியவை: எடைச் சீட்டு, போர் ஓடிய நாட்கள், வாய்க்கால் பாய்ந்த நாட்கள், செலவுக் கணக்கு, குத்தகை என்றால் அதன் அளவு. ஏழு அமர்வுக்கும் எழுதிய நோட்டுகளில் ஒன்றைப் பிரதி எடுத்து, ஒத்துப்போகாத இடங்களைச் சிவப்பில் அடிக்கோடிட்டு, தேதி போட்டு வையுங்கள். அடுத்த தாளடிக்கு அதே வயலின் எண்களை வைத்து மறுபடி போட்டுப் பார்க்க அது வேண்டியிருக்கும்.